பில் புத்தகத்தில் ஒரு வரி: பழைய போன் வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். நோக்கியா 1100க்குக் கீபேட் மாற்றிக் கொடுத்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்றைக்கு மடித்து விரிக்கிற போனுக்கு டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். மாதம் ஒரு தடவை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஷட்டர் தூக்கும் நேரம் வரை வாசலில் காத்துக்கிடக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். பழைய போன் வாங்கி விற்கிற வேலையையும் பல வருடம் செய்திருக்கிறேன். நீங்கள் செய்கிற தப்பில் நான் செய்யாதது ரொம்பக் குறைவு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு எழுதுவது எனக்குச் சுலபம்.

சித்திரை மாதம் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். வாழைத்தோப்பில் கூலி வேலை. மகள் நர்சிங் சேர்ந்தபோது 8,500 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வாங்கிக் கொடுத்திருந்தார். வாங்கியது வேறு ஊரில். பேட்டரி நிற்கவில்லை என்று என்னிடம்தான் மாற்றினார், அந்தப் பழக்கத்தில் வந்திருந்தார். மூன்று நாள் முன்பு மகளுக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு. 'நீங்க வச்சிருக்கிறது திருட்டுப் போன். கொண்டுவந்து ஒப்படைங்க.' டிஜிட்டல் கைது என்று ஊரெல்லாம் மோசடி நடக்கிறதே, அந்த மாதிரி ஏதோ என்று நினைத்து அந்தப் பெண் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். மறுநாள் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்தே ஆள் வந்ததும்தான் நிஜம் என்று தெரிந்தது.

அவர் நேராகப் போன் வாங்கிய கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் கேட்ட கேள்வி இது: 'எங்க கடையில வாங்கினதுக்கு என்னங்க ஆதாரம்? பில் இருக்கா?'

பில் தராதவரே பில் கேட்டார்.

'நான் என்ன தம்பி தப்பு பண்ணேன்?' என்று என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. போனை ஒப்படைத்துவிட்டு வந்தார். அவர்மேல் வழக்கு ஏதும் போடவில்லை, நல்ல அதிகாரி. ஆனால் 8,500 ரூபாய் போனது போனதுதான். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது உங்களிடம் கேட்டு எழுதுகிறேன்.

நம் கடைக்குப் பக்கத்திலேயே பழைய டூவீலர் கன்சல்டிங் வைத்திருப்பவரைப் பாருங்கள். ஆர்சி புக் இல்லாமல் வண்டியைத் தொடுவாரா? என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார். அடகுக்கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அரைப் பவுன் மோதிரத்துக்கும் பெயர், முகவரி, எடை எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். அதற்கு 1943ஆம் வருடத்திலிருந்து சட்டமே இருக்கிறது. ஆனால் வண்டியின் விலையில் பாதிக்கும் மேல் போகிற போனை, பேங்கும் ஆதாரும் குடும்பப் படங்களும் உள்ளே இருக்கிற போனை, நாம் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி வாங்கிப் போடுகிறோம். டிஸ்ப்ளேவில் கோடு இருக்கிறதா, பேக் கேமரா வேலை செய்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று மூன்று சோதனை. 'எவ்வளவு வேணும் தம்பி?' அவ்வளவுதான்.

போனுக்கும் சேஸிஸ் நம்பர் உண்டு. நமக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டயல் செய்யும் இடத்தில் *#06# அடித்தால் 15 இலக்கத்தில் ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண். முதல் எட்டு இலக்கம் எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த ஆறு அந்தத் தனிப் போனுக்கு உரியது. கடைசி இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு எண்.

2023 மே மாதத்தில் தொலைத்தொடர்புத் துறை சஞ்சார் சாத்தி தளத்தைத் தொடங்கியபோது, போனைத் தொலைத்தவர் இந்த எண்ணை வைத்து நாடு முழுக்க அதை முடக்குகிற வசதியும் அதில் வந்தது. போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு பதிவு செய்தால் எந்த கம்பெனி சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் தகவல் போலீஸுக்குப் போகும். லால்குடிப் பெண்ணுக்கு அழைப்பு வந்தது இந்த வழியாகத்தான். திருடியவன் சிம் போடுவதில்லை. விற்ற நாமும் போடுவதில்லை. காசு கொடுத்து வாங்கியவர்தான் போடுகிறார், அதனால் மாட்டுவதும் அவர்தான்.

இதை வாங்கும்போதே பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்று மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, அப்புறம் அந்த 15 இலக்க எண். இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். சஞ்சார் சாத்தி தளத்திலும் செயலியிலும் அதே சோதனை இருக்கிறது. டீ ஆர்டர் சொல்லிவிட்டு அது வருவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. முடக்கப்பட்ட எண்ணா, ஒரே எண் பல போன்களில் ஓடுகிறதா என்று தெரியும். பதிலில் வருகிற கம்பெனி, மாடல் பெயரையும் கையில் இருக்கிற போனையும் ஒப்பிடுங்கள். கையில் இருப்பது ஒன்று, பதிலில் வருவது இன்னொன்று என்றால் போனுக்குள் இருக்கிற போர்டு மாறியிருக்கிறது, இல்லையென்றால் யாரோ எண்ணையே மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நேற்று ராத்திரி பஸ்ஸில் திருடிய போனை இன்று காலை உங்களிடம் கொண்டுவந்தால், தொலைத்தவர் இன்னும் பதிவு செய்திருக்க மாட்டார். சோதனையில் சுத்தமாகத்தான் வரும். அதனால்தான் எஸ்எம்எஸ் மட்டும் போதாது, கொடுத்தவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். பத்து நாள் கழித்து போன் முடங்கினால், உங்களைக் காப்பாற்றப் போவது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

சட்டத்தை நீட்டி முழக்க மாட்டேன். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதற்குப் பாரதிய நியாய சம்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை. 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகள், பழைய கருவிகளை வாங்கி விற்பவர்கள் ஐஎம்இஐயை அரசின் தரவுத்தளத்தில் சரிபார்த்துவிட்டே கைமாற்ற வேண்டும் என்கின்றன. நான் கேட்டுக்கொண்டிருப்பது ஏற்கெனவே நம்மேல் இருக்கிற கடமையைத்தான். 'நம்பக் காரணம் இருந்தோ' என்ற வார்த்தைகளை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 18,000 ரூபாய் போனை ஒரு பையன் 2,500க்குக் கொடுக்கிறான், பில் இல்லை, பாக்ஸ் இல்லை, சார்ஜர் இல்லை, பேட்டர்ன் லாக்கும் தெரியாது என்கிறான். இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

அந்த லாக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த மடலில் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி இது.

ஐபோனில் ஆக்டிவேஷன் லாக் 2013இல் வந்தது. ஆண்ட்ராய்டில் எஃப்ஆர்பி லாக் 2015இல், 5.1 பதிப்போடு வந்தது. திருடியவன் ரீசெட் அடித்தாலும் பழைய உரிமையாளரின் கணக்கைப் போடாமல் போன் திறக்காது. திருட்டுப் போனுக்கு விலையே இல்லாமல் செய்வதற்காக வைத்த பூட்டு. நம் ஊரில் அந்தப் பூட்டுக்கு ஒரு கூலி வைத்தோம். என் கடையில் 400 ரூபாய். கடை போர்டிலேயே எழுதியிருந்தேன், 'எஃப்ஆர்பி அன்லாக் செய்து தரப்படும்' என்று.

ஆறேழு வருடம் இருக்கும், ஒரு பையன் போன் கொண்டுவந்தான். தன்னுடையதுதான், பேட்டர்ன் மறந்துவிட்டது என்றான். சிம் இல்லை. ஆனால் பூட்டுத் திரையில் பழைய அறிவிப்பு ஒன்று அப்படியே இருந்தது. அம்மா, 14 மிஸ்டு கால். தன் அம்மா 14 தடவை கூப்பிட்ட பையன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என் முன்னால் ஜாலியாக நின்றுகொண்டிருந்தான். எனக்குப் புரிந்தது. புரிந்தும் வேலையை முடித்து 400 ரூபாயைக் கல்லாவில் போட்டேன். யாருடைய அம்மாவோ இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். அந்த வரியைப் போர்டிலிருந்து அழிக்க எனக்கு அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஆனது. யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நிஜமாகவே மறந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, முக்கியமாக வயதானவர்கள். அவர்களுக்குக் கூகுள் கணக்கை மீட்கிற வழி இருக்கிறது, அரை மணி நேரம் கூட உட்கார்ந்து செய்து கொடுக்கலாம். முடியாவிட்டால் பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் ஒத்துவராதவர் யார் என்று நமக்கே தெரியும்.

இன்னொன்று இருக்கிறது, இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. பூட்டை உடைக்க நாம் எதைப் பயன்படுத்துகிறோம்? காசு கொடுத்து வாங்க வேண்டிய டூலின் கிராக் பதிப்பு. எங்கிருந்து? ஏதோ டெலிகிராம் குழுவிலிருந்து. கூடவே ஒரு குறிப்பும் வரும், 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க' என்று. நாமும் பண்ணுகிறோம்! அதே கம்ப்யூட்டரில்தான் கஸ்டமர் போட்டோவைக் காப்பி எடுக்கிறோம். அதே கம்ப்யூட்டரில்தான் போனுக்குச் சாஃப்ட்வேர் அடிக்கிறோம். அப்படி ஏற்றுகிற ஃப்ளாஷ் ஃபைலையும் யாரோ எங்கோ ஏற்றி வைத்ததிலிருந்து எடுக்கிறோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

வெறும் பயம் என்று நினைக்க வேண்டாம். ட்ரையாடா என்று ஒரு தீநிரல், 2016இல் கேஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. 2019இல் கூகுளே ஒப்புக்கொண்டது, சில போன்களில் அது பயனருக்கு வந்து சேரும் முன்பே, தயாரிப்புச் சங்கிலியிலேயே, சிஸ்டத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது என்று. 2025இல் அதன் புதுப் பதிப்பு மறுபடி வந்தது. மலிவு விலைக்கு விற்ற போலிப் போன்களில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு, ரஷ்யாவில்தான் பெரும்பாலும், 2,600க்கும் மேற்பட்டவர்களிடம் தென்பட்டது. இந்த மாதிரி சரக்கு சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருக்கும். ஃபேக்டரி ரீசெட் அடித்தாலும் போகாது. ரீசெட் என்பது வீட்டைக் கழுவி விடுகிற மாதிரி. அஸ்திவாரத்தில் கரையான் இருந்தால் கழுவி என்ன பிரயோஜனம்?

போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தைச் சரிபார்த்து ஏற்றுகிற நிரல்தான் பூட்லோடர். அதன் பூட்டைத் திறந்த போனை ஆன் செய்யும்போது ஓர் எச்சரிக்கைத் திரை வரும். இந்தப் போனின் சாஃப்ட்வேரை நம்ப முடியாது என்று ஆங்கிலத்தில் போடும். கஸ்டமர் கேட்பார், 'என்னங்க இது, ஏதோ இங்கிலீஷ்ல வருது?' நாம் சொல்வது: 'அது அப்படித்தான் வரும், அஞ்சு செகண்ட்ல போயிடும்.' அந்த ஐந்து நொடியில் போன் அவரிடம் உண்மையைச் சொல்கிறது, நாம்தான் அதன் வாயை அடைக்கிறோம். ஒரு வாரம் கழித்து பேங்க் ஆப் திறக்கவில்லை என்று அவர் திரும்பி வருவார். அப்போதும் பேங்க் சர்வர் மேல் பழியைப் போடுவோம். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், அறிமுகப் பகுதியில், இந்தச் சாதனம் சான்று பெற்றதா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். அதை விற்கும் முன் நாமே கஸ்டமருக்குத் திறந்து காட்டலாம்.

சரி, திருட்டும் இல்லை, சாஃப்ட்வேரிலும் கை வைக்கவில்லை. அப்போதும் ஆபத்து உண்டா? உண்டு, அது நம் சோம்பேறித்தனத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியை, பழைய போன் வாங்கினார். கடைக்காரர் ரீசெட் அடிக்கவில்லை. 'ப்ளே ஸ்டோர் எல்லாம் வேலை செய்யுது மேடம், அப்படியே யூஸ் பண்ணுங்க' என்று கொடுத்துவிட்டார். உள்ளே பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு அப்படியே இருந்தது. இந்த அம்மா சேமித்த ஒவ்வொரு எண்ணும் அந்த மனிதரின் கணக்கில் போய் ஏறியது. எடுத்த படங்களும் அவருடைய கூகுள் போட்டோஸில் போய் விழுந்தன. வீட்டு விசேஷம், பிள்ளைகள், ஏடிஎம் கார்டைப் படம் எடுத்து வைத்தது வரை. போன் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் அவர் பார்க்க முடியும், நினைத்தால் மொத்தமும் அழிக்க முடியும். ஐந்து மாதம் கழித்து அந்த மனிதரே அவருக்குப் போன் செய்து, 'அம்மா, உங்க போட்டோ எல்லாம் எனக்கு வருதுங்க, கொஞ்சம் பாருங்க' என்றார். அவர் நல்ல மனிதர் என்பதால் தெரிந்தது. வேறு ஆளாக இருந்தால் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

அந்தப் பக்கத்தையும் யோசியுங்கள், நம்மிடம் போனை விற்றுவிட்டுப் போகிறவரை. 2014இல் அவாஸ்ட் நிறுவனம் இபே தளத்தில் 20 பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கித் தோண்டிப் பார்த்தது. அழித்துவிட்டதாக விற்றவர்கள் நம்பியவை. 40,000க்கும் மேல் படங்கள் கிடைத்தன. மறு வருடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் ஐந்து கம்பெனிகளின் 21 போன்களை ஆராய்ந்தார்கள். ரீசெட் அடித்தும் தகவல் சரியாக அழியாத போன்கள் உலகத்தில் 50 கோடி வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அவை ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலான காலத்துப் போன்கள். அந்தக் கதையை வைத்து இன்று யாரையும் பயமுறுத்த மாட்டேன். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்துதான் கிடக்கிறது, ரீசெட் அடித்தால் அதன் சாவியே அழிந்துவிடும், அப்புறம் நோண்டினாலும் குப்பைதான் வரும். ஆக, ஒரு ரீசெட் போதும். அந்த ஒன்றைத்தான் கொடுத்தவர் கண் முன்னால் நாம் செய்வதில்லை. 'வச்சிட்டுப் போங்க, அப்புறம் பண்ணிக்கிறேன்' என்கிறோம். அவர் போன பிறகு மேசைப் பையன் கேலரியைத் திறந்து பார்ப்பது நம் எல்லார் கடையிலும் நடந்திருக்கிறது. இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம். கொடுப்பவரே முதலில் தன் கணக்கை நீக்கி, மெமரி கார்டைக் கழற்றி, அவர் கையாலேயே ரீசெட் அழுத்தட்டும். அதுவரை காசைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் லாபம், லாக் பிரச்சினை வராது.

டிஸ்ப்ளே செத்த போனை ரீசெட் அடிக்கவும் முடியாது. அதுதான் கிலோக் கணக்கில் போகிறது. தெருவில் பழைய போனுக்குப் பிளாஸ்டிக் குடம் தருகிறேன் என்று கூவிக்கொண்டு வருகிறார்களே, வீட்டில் பெண்கள் சந்தோஷமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தெலங்கானாவில் ராமகுண்டம் சைபர் போலீஸார் பீகாரைச் சேர்ந்த மூன்று பேரைப் பிடித்தார்கள். சாக்கு மூட்டைகளில் சுமார் 4,000 பழைய போன்கள். வீடு வீடாக இப்படிச் சேகரித்து, ஜார்க்கண்டில் சைபர் மோசடிக்குப் பேர்போன ஜாம்தாரா பக்கத்துக் கும்பல்களுக்கு அனுப்புவதற்காக. போர்டைச் சரி செய்து அந்தப் போனிலிருந்து மோசடி அழைப்பு போனால், ஐஎம்இஐயைப் பிடித்துக்கொண்டு விசாரணை முதலில் வந்து நிற்பது குடம் வாங்கிய வீட்டு வாசலில். நம் கடைகளிலிருந்தும் டெட் போர்டுகள் மொத்தமாகப் போகின்றன. யாருக்குப் போகிறது என்று நாம் கேட்பதில்லை.

தவணைப் போன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவணை பாக்கி இருக்கிற போனை வாங்கிப் போட்டால், கடன் கொடுத்த கம்பெனி தொலைவிலிருந்தே பூட்டுகிற வசதி பல போன்களில் இருக்கிறது. சில வகை ரீசெட் அடித்தாலும் திரும்ப வந்து உட்காரும். 'தவணை முடிந்ததற்கு என்.ஓ.சி இருக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது.

இப்போது வயதைப் பற்றி. வண்டிக்கு மாடல் வருடம் கேட்கிறோம், போனுக்கு யாரும் கேட்பதில்லை. 2015இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியானது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், போனுக்குள் நுழைந்துவிடலாம் என்கிற அளவுக்கு மோசமானது. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட ஆரம்பித்தது. அந்தத் திருத்தம் எல்லாப் போனுக்கும் எல்லாக் காலமும் வராது. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ் 24க்கும் ஏழு வருடம் தருவதாகக் கம்பெனிகள் சொல்லியிருக்கின்றன. நாம் அதிகம் விற்கிற 10,000 ரூபாய் ரகப் போன்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருடத்தோடு சரி. செட்டிங்ஸில் 'பாதுகாப்புத் திருத்த நிலை' என்று ஒரு தேதி இருக்கும். அதில் 2021 என்று இருந்தால், அதற்குப் பிறகு உலகத்துக்கே தெரியவந்த ஓட்டைகள் எல்லாம் அந்தப் போனில் திறந்தே கிடக்கின்றன என்று அர்த்தம்.

ஐபோனும் இதற்கு விலக்கு இல்லை. கல்லூரிப் பையன்கள் பின்பக்க ஆப்பிளுக்காகவே ஐபோன் டென் கேட்டு வருகிறார்கள். 2023இல் ஐஓஎஸ் 17 வந்தபோதே அதைக் கழற்றி விட்டார்கள். எப்போதாவது ஓர் அவசரத் திருத்தம் வரும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வாங்க வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. பேங்க் வேலை இல்லாமல் படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்றால் வாங்கட்டும், தாராளமாக. ஆனால் அது தெரிந்து வாங்கட்டும். 'நல்லா ஓடும் சார், இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல' என்று நாம் சொல்கிற பொய்யை நம்பி வாங்க வேண்டாம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போன தடவை ரிச்சி தெருவில் ஓர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். 'இதெல்லாம் கேட்டா எவன்டா போன் கொடுப்பான்? அடுத்த கடைக்குப் போயிடுவான்.' நியாயமான பயம். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஆதார் நகல் கேட்க ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் எனக்கு வரத்து பாதியாகக் குறைந்தது. திரும்பிப் போனவர்களில் பாதிப் பேர் சோம்பல்பட்டுப் போனவர்கள், மறுநாள் வந்தார்கள். மீதிப் பேர் வரவே இல்லை. அவர்கள் வராமல் போனதுதான் எனக்குக் கிடைத்த முதல் லாபம் என்று இப்போது நினைக்கிறேன். வாங்குகிறவர்கள் பக்கம் வேறு மாதிரி நடந்தது. பில்லோடு தருகிறான் என்று சொல்லியே மண்ணச்சநல்லூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் ஆள் வருகிறார்கள். 500 ரூபாய் கூட்டிச் சொன்னாலும் பேசாமல் கொடுக்கிறார்கள்.

'பெரிய ஆன்லைன் கம்பெனிக்காரன் நம்மை நசுக்குகிறான்' என்பதும் உண்மை. அவனிடம் ஜனங்கள் ஏன் போகிறார்கள்? நம் விலையைவிட அவன் விலை அதிகம்தான். பில்லும் ஆறு மாத வாரண்டியும் தருகிறான், அதற்காகப் போகிறார்கள். நாம் ஒரு காகிதத்துக்குக் கஞ்சத்தனம் பார்த்து வியாபாரத்தை அவனிடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெராக்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் அதையும் ஒழுங்காக வையுங்கள். ஆதார் நகல் பஜ்ஜிக் கடையில் பஜ்ஜி மடிக்கப் போனால் அது வேறொரு வம்பு. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை வாங்கினாலே போதும், அல்லது ஓட்டுநர் உரிமம். பூட்டுகிற டிராயரில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் ஆகிற செலவு எவ்வளவு என்று கேட்டால், ஒரு பில் புத்தகம். நான் அச்சடித்து வைத்திருப்பதில் ஒரு தாளுக்கு மூன்று பிரதி. ஒன்று கொடுத்தவருக்கு, ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று எனக்கு. அதில் மாடல், இரண்டு ஐஎம்இஐ, 14422 சோதித்த தேதி, பாதுகாப்புத் திருத்தத் தேதி, பூட்லோடர் திறந்ததா மூடியதா, ரீசெட் யார் முன்னால் செய்தது, கையெழுத்து. வாங்குகிறவர் பிரதியில் கொடுத்தவருடைய முகவரி வராது, அந்தக் கட்டம் என் பிரதியில் மட்டும். கீழே ஒரு வரி போட்டிருக்கிறேன்: 'இந்தப் போன் திருட்டுப் பொருள் என்று 90 நாளுக்குள் தெரியவந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்.' அந்த வரியைப் போடும்போது கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை 6,200 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். விற்றவன் முகவரி கையில் இருந்ததால் ஸ்டேஷனில் என்னை ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு ஊர் நமக்குச் சங்கம் இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வசூல் செய்வதோடு நின்றுவிடாமல், இந்தப் பில் மாதிரியை எல்லாக் கடைக்கும் ஒன்றாக்குங்கள் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கடை மட்டும் செய்தால் கொண்டுவருபவன் அடுத்த கடைக்குப் போவான். தெரு முழுக்கச் செய்தால் அவன் எங்கே போவான்? எஃப்ஆர்பி வரியைப் போர்டிலிருந்து எடுப்பதையும் சங்கமே முடிவாகச் சொல்லட்டும், தனித்தனியாகச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டோம்.

லால்குடிக்காரருக்குப் போன மாதம் ஒரு போன் பார்த்துக் கொடுத்தேன். பில் கிழித்து நீட்டியதும் அதை இரண்டாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார். மாதிரிப் பில் என் கடையில் நூறு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். திருச்சிப் பக்கம் வருகிறவர்கள் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். ரிச்சி தெருவுக்கு அடுத்த வாரம் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
திருச்சியில் போன் பழுதுபார்க்கும் உங்களில் ஒருவன்